செல்லாதிருப்பவர் எந்த ஊர்க்காரர்?

மொழிபெயர்க்கவே முடியாத சொற்கள் என்று ஒரு பட்டியல் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது. சென்னையில் இருக்கிற சித்தப்பா மகன் அனுப்புகிறான், கோயம்புத்தூரில் இருக்கிற நண்பர் அனுப்புகிறார், நான் படிச்சு முடிக்கிறதுக்குள்ள அதே படம் மூணாவது ஆளிடமிருந்தும் வந்து விழுகிறது. புத்தகத்தை வாங்கி வாங்கிப் படிக்காமல் அடுக்கி வைப்பதற்கு ஜப்பான்காரர்கள் ‘சுண்டோக்கு’ என்று ஒரே சொல் வைத்திருக்கிறார்களாம். குளிர்காலத்தில் மெழுகுவத்தி ஏத்தி வச்சு, வேண்டியவங்களோட கதகதன்னு உக்காந்திருக்கிற சுகத்துக்கு டென்மார்க்கில் ‘ஹூகா’வாம் (ஹூக்கா இல்லை, ஹூகா). கைவிட்டுப் போனதை நினைத்து உருகுவதற்குப் போர்ச்சுகல்காரர்களிடம் ‘சௌதாத்’ இருக்கிறதாம். கடைசியில் ஒரு பெருமூச்சு: “இதுக்கெல்லாம் தமிழ்ல சொல்லே இல்லையே!”

முதல் வேடிக்கை, தலைப்பில் மொழிபெயர்க்க முடியாது என்று போட்டுவிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்திலேயே மொழிபெயர்ப்பையும் போட்டிருக்கிறார்கள். ஒரு வரி கூடுதலாகச் செலவாகிறது, அவ்வளவுதான். அந்தச் சொற்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, நல்ல சொற்கள்தான். தென்னந்தோப்புக்குள்ளேயே வளர்ந்தவன் நான். கீற்று வழியாக விழுகிற வெயிலுக்கு நாங்கள் தனியாகப் பேர் வைக்கவில்லை, ஜப்பான்காரர்கள் ‘கொமொரெபி’ என்று வைத்திருக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு ஒரு சபாஷ். என் சண்டை அனுப்புகிறவர்களோடுதான். உங்கள் அம்மா நேற்று போனில் சொன்ன சொல் உங்கள் காதில் விழாமல், கோபன்ஹேகனில் சொன்னது மட்டும் எப்படி விழுந்தது?

இதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 2004-ல் லண்டனில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் மொழி அறிந்தவர்கள் 1,000 பேரைக் கேட்டு, உலகத்திலேயே மொழிபெயர்க்கக் கடினமான சொற்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. பி.பி.சி.யிலும் செய்தி வந்தது. முதலிடம் காங்கோ நாட்டுச் சொல்லான ‘இலுங்கா’வுக்கு. முதல் தப்பை மன்னித்து, இரண்டாவது தப்பைப் பொறுத்து, மூன்றாவது தப்பை மட்டும் விடவே விடாத ஆள் என்று அதற்கு விளக்கம் கொடுத்தார்கள். காங்கோவில் இலுங்கா என்பது ஆட்களுக்கு வைக்கிற சாதாரணமான பேரும்கூட. அந்தப் பட்டியலில் முதல் பத்துக்குள் தமிழுக்கும் ஒரு இடம் கிடைத்தது. என்ன சொல் தெரியுமா? ‘செல்லாதிருப்பவர்’. போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் மட்டம் போடுகிற ஒரு வகையான ஆள் என்பது மாதிரி அர்த்தம்.

நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், உங்கள் வாழ்நாளில் யாராவது யாரையாவது பார்த்து “அவன் ஒரு செல்லாதிருப்பவர்” என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வாத்தியார் சொல்லியிருக்கிறாரா? வேலைக்கு ஆள் வராத அன்னைக்கு மேஸ்திரி சொல்லியிருக்கிறாரா?

உண்மையில் இந்த ஒரு விஷயத்தில் தமிழ் கொழுத்துப்போய்க் கிடக்கிறது. பள்ளிக்கூடத்துக்கோ வேலைக்கோ அன்றைக்கு முழுசாகப் போகாவிட்டால் அது மட்டம் போடறது. போய்விட்டு நடுவில் நழுவினால் கட் அடிக்கிறது. தேடி வருகிற ஆள் கையில் சிக்காமல் தப்பினால் டிமிக்கி கொடுக்கிறது. வேலைக்கு வந்து, ஆளும் கண்ணெதிரே நின்று, வேலை மட்டும் நடக்காவிட்டால் அது ஓப்பி அடிக்கிறது. நாலும் நாலு விதமான குற்றம், நாலுக்கும் திட்டு வேறு வேறு. இத்தனையும் தெருவில் கிடக்க, லண்டனுக்குப் போனது யாரும் பேசாத செல்லாதிருப்பவர். அன்றைக்கு வாயைக் கேட்காமல் ஏட்டைக் கேட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதே வேலையைத்தான் நாமும் செய்துகொண்டிருக்கிறோம்.

சரி, வாயில் கிடக்கிறதைக் கொஞ்சம் பார்ப்போம்.

கன்னுக்குட்டியைப் பிரித்த அன்றைக்கு ராத்திரி பூராவும் பசு கத்தும். தவிட்டுத் தண்ணியில் வாய் வைக்காது. “என்னாச்சு மாட்டுக்கு?” என்றால் ஒரே பதில், “கன்னத் தேடுது.” பசு கட்டுத்தறியிலேயேதான் நிற்கிறது, எங்கேயும் போய்த் தேடவில்லை. ஆனாலும் தேடுது. வெளிநாடு போன மகன் போனில் பேசினால் அம்மா சொல்வாள், “புள்ளைக்கு ஒன்னத் தேடுதுடா.” இந்தப் பேச்சின் கட்டுமானத்தைக் கவனியுங்கள். ‘எனக்குப் பசிக்குது’ என்கிற மாதிரி ‘புள்ளைக்கு உன்னைத் தேடுது’. பிள்ளை தேடவில்லை, பிள்ளைக்குத் தேடுகிறது. பசி, தாகம், தூக்கம் வரிசையில் இதையும் உடம்பின் தேவையாக உட்கார வைத்திருக்கிறார்கள். அது தீரவில்லை என்றால் அடுத்த சொல் தயாராக இருக்கிறது: “ஏங்கிப் போச்சு.” ஏங்கிப்போன குழந்தைக்கு உடம்பு இளைக்கும், ஏங்கிப்போன மாட்டுக்குப் பால் வற்றும். சௌதாத் பெரிய சொல்தான், இல்லை என்று சொல்லவில்லை. தேடுது சின்னதா?

அடுத்தது, “பசி அமந்துபோச்சு.” விடியக்காலம் நடவுக்கு இறங்கிய பெண்களுக்குச் சோறு வரவேண்டிய நேரத்துக்கு வராமல், வெயில் உச்சிக்கு ஏறினபிறகு வந்தால், இதைச் சொல்வார்கள். பசி இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. வந்த பசி காத்துக் காத்துப் பார்த்துவிட்டுத் தானாக உட்கார்ந்துவிட்டது. சோறு கொண்டுவந்தவர் மேல் ஒரு குறையும் சொல்லாமல், குறையைச் சொல்லிவிடுகிற பேச்சு அது. கேட்கிறவருக்கு உறைக்கும்.

இன்னொன்று, “மனசு கேக்கல.” எங்கள் பக்கம் கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணை தாண்டி, புது ஆறு வழியாக, எல்லாரும் வாங்கினது போக மிச்சம்தான் எங்களுக்கு. மடைத் தண்ணீருக்காக வெட்டுக்குத்து வரைக்கும் போன குடும்பங்கள் உண்டு. அப்படிப் பேச்சுவார்த்தை அற்றுப்போன ஒருத்தர், எதிராளியின் நாத்து கருகுவதைப் பார்த்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போய் மடையை அவர் பக்கம் திருப்பிவிட்டார். ஏன்யா என்று கேட்டதற்கு, “மனசு கேக்கல.” கோபம் அப்படியே இருக்கிறது, நியாயமும் தன் பக்கம்தான் என்று நினைக்கிறார், சமாதானமும் ஆகவில்லை. அதையெல்லாம் மீறி மனசு மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. இதை வேறு எப்படிச் சொல்வீர்கள்? இரக்கம் என்றால் பத்தாது, மன்னிப்பு என்றால் பொய்.

இந்தச் சொற்களில் நான் மதிக்கிறது அழகை இல்லை. ஒவ்வொரு சொல்லும், பக்கத்தில் இருக்கிறவர் அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

மனத்தாங்கல் என்று ஒரு சொல். அது தெரியாத ஆளோடு வராது, உறவோடும் பழகினவரோடும்தான் வரும். “அவருக்கும் எனக்கும் ஒரு மனத்தாங்கல்” என்றால் உறவு இன்னும் அறுந்துபோகவில்லை என்று அர்த்தம். பெரியவர் ஒருத்தர் நடுவில் போய்ப் பேசினால், ஒரு விசேஷத்துக்கு நேரில் போய் அழைத்தால் தீர்ந்துவிடும். ஆதங்கம் என்றால் வேறு. இப்படி நடந்திருக்க வேண்டியதாச்சே என்கிற குறை அது. அதற்கு யோசனை சொல்லக்கூடாது, காது கொடுத்தால் போதும். ஆத்தாமை என்றால் கையால் ஆகாத நிலைமை. அங்கே காது பத்தாது, கை கொடுக்கணும். வயித்தெரிச்சல் இருக்கிறதே, அது இன்னும் பலமானது. பொறாமைக்கும் அதுதான் பேர், அநியாயத்துக்கு ஆளானவரின் வேதனைக்கும் அதுதான் பேர். “அந்தப் பொம்பள வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதடா” என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். எரிகிறது ஒருத்தர் வயிறு, கணக்கு எழுதப்படுவது எரிய வைத்தவர் பேரில்.

இப்போது இந்த நாலையும் எடுத்துவிட்டு ‘டென்ஷன்’ என்று ஒரே சொல்லைப் போடுங்கள். “ஒரே டென்ஷனா இருக்கு.” கேட்கிறவர் என்ன செய்வார்? பெரியவரைக் கூட்டிவருவதா, காது கொடுப்பதா, கை கொடுப்பதா, போய் மன்னிப்புக் கேட்பதா? ஒன்றும் விளங்காது. “டென்ஷன் ஆகாத” என்று சொல்லிவிட்டுப் போவார். அது அவர் குற்றமும் இல்லை.

வயலுக்கும் மனசுக்கும் எங்களிடம் தனித்தனி அகராதி கிடையாது. பயிர் வாடினால் வாட்டம், முகம் வாடினாலும் வாட்டம். காத்து நின்று மழைக்கு முன்னால் வேர்த்துக் கொட்டினால் புழுக்கம், சொல்ல முடியாததை உள்ளேயே வைத்திருந்தாலும் மனப்புழுக்கம். மண்ணில் இருக்கிறதும் ஈரம், நெஞ்சில் இருக்கவேண்டியதும் ஈரம். தண்ணியில் நின்று சோர்ந்த நாத்து நிமிர்ந்துவிட்டால் “பயிர் தேறிடுச்சு”, காய்ச்சலில் கிடந்தவர் எழுந்தாலும் தேறிட்டார், துக்க வீட்டில் போய்ச் சொல்கிறதும் தேறுதல். சூடு தணிகிறதும் ஆறுகிறது, புண் மூடுகிறதும் ஆறுகிறது, மனசுக்கு வேண்டியதும் ஆறுதல். துக்கத்துக்கு என்ன மருந்து என்று சொல்லுக்குள்ளேயே இருக்கிறது: நாளாகும், தொட்டுத் தொட்டுப் பார்க்கக்கூடாது.

பதம் என்கிற சொல்லை எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. உழவுக்கு மண் பதமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி அள்ளிப் பிடிப்போம். பிடித்தால் உருண்டையாக நிற்கணும், கீழே போட்டால் உதிரணும். சேறாக ஒட்டினால் பொறுக்கணும், பிடிபடாமல் உதிர்ந்தால் நாள் தாண்டிப்போச்சு. அந்த ஒருநாள் இரண்டுநாள் இடைவெளிதான் பதம். அது கைக்குத்தான் தெரியும். அதே சொல்லைத்தான் பாகு காய்ச்சுகிறவரும் சொல்கிறார், சோறு வடிக்கிறவரும் சொல்கிறார். முதல் மழையில் எழும்புகிற வாசனைக்கு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இரண்டு பேர் 1964-ல் கிரேக்க வேரை வைத்து ‘பெட்ரிகோர்’ என்று பேர் வைத்தார்கள். இன்றைக்கு மழை பெய்தால் நம் பிள்ளைகள் அதைத்தான் எழுதுகிறார்கள். மண்வாசனை என்று எழுதினால் பழைய சினிமாப் பேராகத் தெரிகிறதோ என்னமோ.

இதெல்லாம் வெறும் சொல் ரசனையாக இருந்திருந்தால் நான் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன். ரசனைக்கு எனக்கு நேரமும் இல்லை. விஷயம் உயிர்ப் பிரச்சினை ஆனதை 2018-ல் கண்ணால் பார்த்தேன்.

அந்த வருஷம் நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னை வைத்திருந்தவர்கள் விடிந்து எழுந்து பார்த்தபோது தோப்பு படுத்துக் கிடந்தது. நாங்கள் தென்னங்கன்று என்று சொல்வதைவிடத் தென்னம்பிள்ளை என்றுதான் அதிகம் சொல்வோம். நெட்டை ரகம் நட்டால் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், அப்புறம் இரண்டு தலைமுறைக்குச் சோறு போடும். அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. கணக்கெடுக்க வந்தவர்களிடம் இருந்த தாளில் ‘மரம்’ என்ற கட்டம் இருந்தது. பிள்ளைக்குக் கட்டம் இல்லை. அதில் தப்புச் சொல்ல முடியாது, அரசாங்கத் தாள் அப்படித்தான் இருக்கும்.

கொஞ்ச நாள் கழித்து, மனநிலை எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுத ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தார். நல்ல பிள்ளை, வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினார். பக்கத்துத் தோப்புப் பெரியப்பாவிடம் கேட்டபோது நானும் திண்ணையில் இருந்தேன். “ஸ்ட்ரெஸ் இருக்காய்யா? மனச்சோர்வு மாதிரி ஏதாவது?” பெரியப்பா யோசித்துவிட்டு, “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. வெறிச்சுன்னு இருக்கு, அவ்வளவுதான்” என்றார். அந்தப் பெண் ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

வெறிச்சுன்னு என்றால் என்ன என்று எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். மழை விட்டு மேகம் கலைந்தால் வானம் வெறிச்சிருச்சு என்போம். கல்யாணம் முடிந்து சனம் கலைந்த வீடு வெறிச்சுன்னு இருக்கும். ஆள் செத்துப் பதினாறாம் நாள் கழிந்த வீடும் அப்படித்தான். இருந்தது இல்லாமல் போன இடத்தைக் கண் திரும்பத் திரும்பப் போய்த் தொடுகிறது, தொடுகிற ஒவ்வொரு தடவையும் புதுசாக அடிபடுகிறது. முப்பது வருஷம் நிழலில் நடந்த மனுஷன் வெட்டவெளியில் நின்றுகொண்டு இதைச் சொன்னால், எங்கள் ஊரில் அவரைத் தனியாக விடமாட்டார்கள். ராத்திரி யாராவது போய் அவர் திண்ணையில் படுத்துக்கொள்வார்கள். அப்படித்தான் படுத்துக்கொண்டார்கள். தாளில் மட்டும் அவருக்கு ஒன்றும் இல்லை.

ஆகவே நகரத்து நண்பர்களே, சொல் என்பது சுவரில் மாட்டுகிற படம் என்று நினைக்காதீர்கள். அது ஒரு ஆள் தன் நிலைமையை அடுத்தவருக்குத் தெரிவிக்கிற வழி. வழி அடைபட்டால் ஆள் உள்ளேயே கிடப்பார்.

இதைச் சொன்னதும் இரண்டு பக்கமிருந்தும் எனக்கு அடி விழும் என்று தெரியும்.

ஒரு பக்கம், தமிழில் இல்லாததே இல்லை என்கிறவர்கள். சுண்டோக்குவுக்கு இப்போதே நாலு தூய தமிழ்ச் சொல் உருவாக்கித் தருவார்கள். ஐயா, வேண்டாம். நாலும் செல்லாதிருப்பவருக்குத் தம்பிகளாகத்தான் வரும். டென்ஷனைத் துரத்தச் சொல்லியும் நான் கேட்கவில்லை. பாக்கி, பேஜாரு எல்லாம் வெளியிலிருந்து வந்து குடியேறினவைதான், மேலே நான் சொன்ன டிமிக்கியையும் யாரும் சங்கப் பலகையில் வைக்கவில்லை. வந்த சொல் ஒரு ஓரத்தில் இருந்துகொள்ளட்டும், நாலு பேரைத் தள்ளிவிட்டு மொத்தத் திண்ணையையும் பிடிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், மொழி மாறத்தான் செய்யும் என்கிறவர்கள். மாறட்டும். நடவு இயந்திரம் வந்தபிறகு நடவுப் பேச்சு குறையும், அது எனக்கும் தெரியும். கிராமத்துச் சொல் எல்லாம் பொன் என்றும் நான் சொல்ல மாட்டேன். புருஷனைப் பிரிந்து பிறந்த வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு ‘வாழாவெட்டி’ என்று ஒரே சொல்லை வைத்திருந்தோமே, எந்த மொழியிலும் அவ்வளவு சுருக்கமாக ஒரு பெண்ணைக் குத்த முடியாது. அந்தச் சொல் சாகிறதுதான் நல்லது. வேலை முடிந்ததால் ஒரு சொல் போகலாம், அநியாயமானது என்பதால் போகலாம். பேசுகிற ஆளை மதிக்காததால் போகிறதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளை “அமந்துபோச்சு” என்றால் தப்பு என்று திருத்துகிறார்கள். ஆஸ்பத்திரியில் கிழவி “காலு ஒளையுது, தோள்பட்ட கொடையுது, நெஞ்சு காந்துது” என்று மூன்று வேறு வேறு வலியைப் பிரித்துச் சொன்னால், மூன்றையும் கேட்டுவிட்டு “பெயின் இருக்கு” என்று எழுதுகிறார்கள். உளைச்சல் வேறு, குடைச்சல் வேறு, காந்தல் வேறு. நோயைப் பாதி சொல்லிவிட்டாள் அந்தக் கிழவி, அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. இரண்டு தடவை இப்படி ஆனால் மூன்றாவது தடவை அவளே “வலிக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். ஒரு சொல் சாகிறது இப்படித்தான்.

சேகரித்து வைத்தவர்கள் இல்லாமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. கரிசல் காட்டுப் பேச்சுக்குக் கி. ராஜநாராயணன் 1982-ல் ஒரு அகராதி போட்டார். கொங்குப் பேச்சுக்குப் பெருமாள்முருகன் 2000-ல் போட்டார். இன்றைய எழுத்துத் தமிழுக்குக் க்ரியா அகராதி 1992-ல் வந்தது. பெரிய உழைப்பு, கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அகராதி விதைநெல் மாதிரி. குதிருக்குள்ளேயே வைத்திருந்தால் முளைப்புத்திறன் போய்விடும், வருஷா வருஷம் வயலில் இறங்கணும். விதைநெல்லை வயலில் இறக்குவது எங்கள் வேலை. சொல்லை இறக்குவது எல்லார் வேலையும்.

நீங்கள் டாக்டராக இருந்தால், நோயாளி சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே ஒரு வரி எழுதிவிட்டு, பிறகு உங்கள் பாஷையில் எழுதுங்கள். கணக்கெடுக்கிற தாளையோ ஆப்பையோ தயாரிக்கிறவராக இருந்தால், ‘ஆம், இல்லை’ கட்டங்களுக்குக் கீழே, அவர் வாயால் சொன்னதை எழுத ஒரு கட்டம் விடுங்கள். வாத்தியாராக இருந்தால், பிள்ளை பேசுகிற சொல்லைத் திருத்துவதற்கு முன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருதரம் கேளுங்கள். இது எதுவுமாக இல்லாமல், ஊரில் அம்மா அப்பாவை விட்டுவிட்டு நகரத்தில் இருக்கிற பிள்ளையாக மட்டும் இருந்தால், உங்களுக்கு வேலை இன்னும் சுலபம். “ஒண்ணுமில்லடா, சும்மாதான் போன் பண்ணேன்” என்று அம்மா சொன்னால் அதற்குத் தேடுது என்று அர்த்தம். தேடினால் என்ன செய்யணும் என்று மேலேயே சொல்லிவிட்டேன். பஸ் டிக்கெட் போடுங்கள்.

சௌதாத்தையும் ஹூகாவையும் தாராளமாகப் படியுங்கள், எனக்கும் அனுப்புங்கள். அனுப்பும்போது கூடவே உங்கள் வீட்டுப் பெரியவர் சொன்ன ஒரு சொல்லையும் சேர்த்து அனுப்பணும், யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதோடு. இனிமேல் அந்தக் கூலி வைக்காமல் வருகிற படத்தை நான் திறக்கிறதாக இல்லை.

மடைக்குத் தண்ணி வந்துவிட்டதாம், ஆள் வந்து கூப்பிடுகிறார். வர்றேன்.